நீச்சல் பயிற்சி: புதியவர்கள் தடுமாறும் இடங்கள்

நீச்சல் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்கள் பலர், தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே, பலகையில் எழுதப்பட்ட பயிற்சியைப் படிப்பதில் தவறிவிடுகிறார்கள். "8×50, 1:30" என்று எழுதியிருந்தால், 50 மீட்டரை எட்டு முறை நீந்த வேண்டும், ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட வேண்டும் என்று பொருள். நீந்துவதும் ஓய்வும் சேர்ந்ததுதான் அந்த ஒன்றரை நிமிடம். 50 மீட்டரை 1:10-இல் முடிப்பவருக்கு 20 நொடி ஓய்வு கிடைக்கும். ஒவ்வொரு முறை நீந்திய பின்னும் ஒன்றரை நிமிடம் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால், 12 நிமிடத்துக்குள் முடிய வேண்டியது ஏறக்குறைய 20 நிமிடம் இழுக்கும். நேரம் வீணாவதுகூடப் பெரிதில்லை. மூச்சு முழுவதும் தணிந்த பிறகே அடுத்ததைத் தொடங்குவதால் அந்தப் பயிற்சியின் நோக்கமே மாறிப்போகிறது.

‘லேப்’ என்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு லேப் என்பார் சிலர். போய்த் திரும்பினால்தான் ஒரு லேப் என்பார் வேறு சிலர். 25 மீட்டர் குளத்தில் 20 லேப் என்பது 500 மீட்டராகவும் இருக்கலாம், 1000 மீட்டராகவும் இருக்கலாம் என்பதால், மீட்டர் கணக்கில் கேட்டுக்கொள்வதே நல்லது.

நீந்தும் முறையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை மூச்சிலிருந்தே தொடங்குகின்றன. குப்புறப் படுத்துக் கைகளை மாறி மாறி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டர் முடிவதற்குள் இரைப்பவர்கள் தமக்கு ‘ஸ்டாமினா’ இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்களில் பலர் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, தலையைத் திருப்பும் அந்த ஒரு கணத்தில் மூச்சை விடவும் இழுக்கவும் முயல்கிறார்கள். உடலில் கரியமில வாயு சேர்வதே மூச்சுத் திணறும் உணர்வைத் தூண்டுகிறது. ஆகவே முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ காற்றைச் சீராக வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சிழுக்கத் தலையைத் தூக்கினால் இடுப்பும் கால்களும் தாழ்ந்துவிடும்; உடல் உருளும்போது தலையும் உடன் திரும்பி, நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் நீருக்குள்ளேயே இருந்தால் போதும்.

நீருக்கடியில் நெடுந்தூரம் செல்வதற்காக முன்கூட்டியே வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிடும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். கரியமில வாயுவின் அளவு அதனால் குறைந்துவிடுவதால், திணறல் என்னும் எச்சரிக்கை வருவதற்கு முன்பே நினைவு தப்பலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் ஆழமில்லாத குளத்தில் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

கை வீச்சில் ‘கேட்ச்’ என்பது, கை நீருக்குள் நுழைந்து முன்னே நீண்ட பிறகு, முழங்கையை உயரத்தில் நிறுத்தி, உள்ளங்கையும் முன்கையும் பின்னோக்கி இருக்குமாறு தண்ணீரைப் பற்றும் நிலை. புதியவர்கள் நேரான கையால் தண்ணீரைக் கீழே அழுத்துகிறார்கள். அதனால் நெஞ்சு மேலே எழும்பி, கால்கள் அமிழ்கின்றன. கை தோளுக்கு நேராக நுழையாமல் தலைக்கு முன்னே குறுக்காக விழுந்தால், உடல் பாம்புபோல் நெளிந்து செல்லும். ‘கிக்’ எனப்படும் கால் உதைப்பு இடுப்பிலிருந்து வர வேண்டும். சைக்கிள் மிதிப்பதைப் போல முழங்காலை மடக்குவது வேகத்தைக் குறைக்கும்.

தொடைகளுக்கு இடையே வைக்கும் ‘புல் பாய்’ என்ற மிதவை கால்களை மிதக்க வைத்துவிடுகிறது. அது இருக்கும்போது மட்டும் நன்றாக நீந்துகிறோம் என்று தோன்றினால், தலையின் நிலையும் மூச்சும் இன்னும் சரியாகவில்லை என்றே கொள்ள வேண்டும். ஒரு நுணுக்கத்தை மட்டும் தனியாகப் பழகும் ‘ட்ரில்’ செய்யும்போது வேகம் காட்டுவது இன்னொரு தவறு. ஒரு கை முன்னே காத்திருக்க, மறு கை வந்து அதைச் சேர்ந்த பிறகே அடுத்த வீச்சைத் தொடங்கும் ‘கேட்ச் அப்’ பயிற்சியைப் பக்கத்து லேனுடன் போட்டியிட்டுச் செய்பவர்களைப் பார்க்கலாம். அதில் அவர்கள் கற்றுக்கொள்வது ஏதுமில்லை.

கைக்கடிகாரங்கள் காட்டும் ‘ஸ்வால்ஃப்’ என்ற எண், குளத்தின் ஒரு நீளத்துக்கு ஆன நொடிகளையும் வீச்சுகளையும் கூட்டி வருவது. 30 நொடி, 22 வீச்சு என்றால் 52. சில கடிகாரங்கள் தம்மைக் கட்டிய கையின் வீச்சை மட்டுமே எண்ணுகின்றன என்பதாலும், 25 மீட்டர் குளத்தின் எண் 50 மீட்டர் குளத்துக்குப் பொருந்தாது என்பதாலும், இதை வைத்து நண்பரோடு ஒப்பிடுவதில் பயனில்லை. எண்ணைக் குறைப்பதற்காகவே ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் கையை நீட்டியபடி வேகம் அடங்கும்வரை மிதந்து செல்பவர், அடுத்த வீச்சில் அந்த வேகத்தை மீண்டும் எட்டக் கூடுதலாக உழைக்க நேரிடுகிறது.