தண்ணி எவ்வளவு வருது? உலகத்து அருவிகளுக்குத் திட்டம் போடும் முறை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "அண்ணா, ஒகேனக்கல்ல தண்ணி எவ்வளவு வருது?" நான் தருமபுரியில் டாக்ஸி ஓட்டுகிறவன். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் அளந்து சொல்லும் கணக்கைப் பார்த்துவிட்டு, "விநாடிக்கு ஆறாயிரம் கன அடி வருதுங்க, பரிசல் ஓடுது, கிளம்பி வாங்க" என்பேன். இல்லையென்றால், "அம்பதாயிரம் வருது, பரிசலும் கிடையாது, குளிக்கவும் விடமாட்டாங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பேன். லட்சத்தைத் தாண்டிவிட்டால் ஐந்தருவி என்று ஒன்று அங்கே இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். பாறையெல்லாம் முழுகி ஒரே செந்நிற வெள்ளம்.

46 கிலோமீட்டரில் இருக்கிற அருவிக்கு இவ்வளவு விசாரிக்கிறவர்கள், கடல் தாண்டி இருக்கிற அருவிக்கு ஒரு போட்டோவைப் பார்த்ததும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். பெங்களூரு ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பேன். "எந்த மாசம் தண்ணி வரும்னு பார்த்தீங்களா சார்?" என்றால், "பேக்கேஜ்ல எல்லாம் பார்த்திருப்பாங்கப்பா" என்பார்கள். பேக்கேஜ் போடுகிறவர் ஹோட்டலுக்கும் பஸ்ஸுக்கும் பொறுப்பு. ஆற்றுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

எனக்கும் ஒரு கனவுப் பட்டியல் இருக்கிறது, எல்லாம் அருவிதான். இன்னும் எதற்கும் போகவில்லை. போவதற்கான வேலையைத்தான் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கிறேன். அந்த முறையை எழுதுகிறேன். அருவி வேண்டாம், ஜப்பானில் செர்ரிப் பூ பார்க்க வேண்டும் என்பவர்களுக்கும் இதே கணக்குதான். டோக்கியோவில் அது மார்ச் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடிந்துவிடும். மே மாதம் லீவு கிடைக்கிறது என்று போனால் பச்சை மரத்தைத்தான் பார்க்கலாம்.

ஆற்றின் காலண்டர்

பட்டியலில் ஒரு இடத்தின் பெயரை எழுதியதும் பக்கத்தில் விலையை எழுதாதீர்கள், மாதத்தை எழுதுங்கள். வெளிநாட்டில் நீர்வரத்தைப் பெரும்பாலும் விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று சொல்வார்கள். அதை 35-ஆல் பெருக்கினால் நம்ம கன அடி. ஒகேனக்கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதற்கப்புறம் எந்த அருவியும் பிடிபட்டுவிடும்.

என் பட்டியலில் முதல் இடம் ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவிக்கு. சாம்பசி ஆறு 1,708 மீட்டர் அகலத்துக்கு அப்படியே ஒரு பிளவுக்குள் விழுகிறது. உயரம் 108 மீட்டர். ஒரு கரை சாம்பியா, இன்னொரு கரை சிம்பாப்வே. அருவிக்கு எதிரிலேயே, கிட்டத்தட்ட அதே மட்டத்தில், இன்னொரு பாறைச் சுவர். அதன் மேல் நடந்துகொண்டே பார்க்கலாம். சாரல் ஓயாமல் அடிப்பதால் அந்தச் சுவரின் மேல் மழைக்காடே வளர்ந்திருக்கிறது.

சராசரி வரத்து விநாடிக்குச் சுமார் 1,100 கன மீட்டர், அதாவது 38,000 கன அடி. ஆனால் சராசரியை நம்பி டிக்கெட் போட முடியாது. மேலே அங்கோலா, சாம்பியா பக்கம் பெய்கிற மழை ஆற்றில் இறங்கி வர மாதக்கணக்காகும். அதனால் மழை ஓய்ந்த பிறகு, ஏப்ரல் வாக்கில்தான் வரத்து உச்சத்துக்குப் போகும். "அப்ப ஏப்ரல்லயே போயிடலாமே" என்றாள் என் வீட்டுக்காரி. அங்கேதான் சிக்கல். உச்சத்தில் சாரல் புகை மாதிரி எழும்பி அருவியையே மறைத்துவிடும், எதிரில் நின்றாலும் வெள்ளைதான் தெரியும். அக்டோபர், நவம்பரில் போனால் நேர்மாறு, சாம்பியா பக்கத்தில் பெரும்பகுதி வெறும் பாறை. அப்போது சிம்பாப்வே பக்கத்தில்தான் தண்ணீர் இருக்கும். தண்ணீரும் வேண்டும், கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பிலிகுண்டுலு மாதிரி அங்கேயும் அளவுமானி உண்டு. சாம்பசி நதி ஆணையத்தின் இணையதளத்தில் விக்டோரியா அருவியின் வரத்தைப் போடுகிறார்கள். இரண்டு மூன்று வருட எண்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஏஜென்ட்டும் சொல்லாதது அதில் தெரியும்.

நயாகரா வேறு விதம். அங்கே எவ்வளவு தண்ணீர் விழ வேண்டும் என்பதை ஒப்பந்தம் முடிவு செய்கிறது. 1950-ல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தப்படி, சீசனில் பகல் நேரத்தில் அருவியில் விநாடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் 50,000 போதும். ஆற்றில் வருவது சுமார் 2 லட்சம், மீதியை மின் நிலையங்களுக்குத் திருப்பிவிடுகிறார்கள். காவிரிக்கரைக்காரனுக்கு இதைப் படிக்கும்போது பெருமூச்சுதான் வரும், அதை விடுங்கள். நமக்கு வேண்டிய செய்தி இது: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, பகலில். அருவிக்குக் கீழே போகும் படகும் குளிர்காலத்தில் ஓடாது. இரண்டு கரையிலும் நின்று பார்க்க அமெரிக்க விசா தனி, கனடா விசா தனி. ஒன்றுதான் முடியும் என்றால் கனடா கரையைச் சொல்வேன். அங்கிருந்துதான் அருவி முகத்துக்கு நேரே தெரியும்.

பிரேசிலும் அர்ஜென்டினாவும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் இகுவாசு, ஐந்தருவியின் பெரியப்பா. ஒரே இடத்தில் சுமார் 275 அருவிகள். வழக்கமான வரத்து விநாடிக்கு 1,500 கன மீட்டர், நம் கணக்கில் 53,000 கன அடி. பிரேசில் பக்கம் முழு அருவியையும் ஒரே பார்வையில் பார்க்க அரை நாள் போதும். அர்ஜென்டினா பக்கம் அருவிக்கு மேலேயே நடைபாலங்கள், அதற்கு முழு நாள் ஒதுக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது வெள்ளம். 2023 அக்டோபர் கடைசியில் வரத்து வழக்கத்தைப் போலப் பல மடங்கு ஏறி, நடைபாலங்களை மூடிவிட்டார்கள். அதனால் அங்கே போகிறவர்கள் ஒரே நாளை நம்பாமல், கூட ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தையும் பத்திரமாக வையுங்கள். நம்ம ஊர் குரங்கு செய்கிற வேலையை அங்கே கோட்டி என்கிற நீள மூக்குப் பிராணி செய்கிறது.

உலகத்திலேயே உயரமான ஏஞ்சல் அருவி, 979 மீட்டர், வெனிசுவேலாவில். மழைக்காலத்தில்தான் படகு போகும், அதுவும் சின்ன விமானத்தில் போய் இறங்கிய பிறகு. நாட்டு நிலவரமும் சரியில்லை. என் பட்டியலில் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

பக்கத்தில் உள்ளவை

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பெரிய பணம் வேண்டும். அதனால் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு நான் குறித்து வைத்திருப்பது வியட்நாமின் பான் ஜியோக். சீன எல்லையிலேயே விழுகிறது, ஆற்றின் ஒரு கரை வியட்நாம், மறு கரை சீனா. மூங்கில் மிதவையில் உட்காரவைத்து அருவிக்குப் பக்கத்தில் கூட்டிப்போவார்கள். பரிசலில் ஏறிப் பழகியவர்களுக்கு அதில் என்ன பயம்? ஹனோயில் இறங்கி, காவ் பாங் ஊருக்குப் பஸ்ஸில் போய், அங்கே தங்கி, மறுநாள் அருவி. ஒரே நாளில் ஹனோயிலிருந்து போய்த் திரும்பலாம் என்று விளம்பரம் பார்த்தால் நம்பாதீர்கள். மலை ரோட்டில் அவ்வளவு தூரம் போய்த் திரும்பினால் இடுப்பு போய்விடும், ஓட்டுகிறவன் சொல்கிறேன். இ-விசா 25 டாலர், 90 நாள் வரை தருகிறார்கள். வாடகைக்கு பைக் எடுத்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்கும் சர்வதேச லைசென்ஸ் 1949 உடன்படிக்கைப்படி கொடுப்பது, வியட்நாம் ஒத்துக்கொள்வது 1968 உடன்படிக்கையை. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும்.

பான் ஜியோக்குக்கு நல்ல நேரம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. வீட்டுக்காரி காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது புரட்டாசி, நான் கவிச்சி தொடமாட்டேன், அங்க போய் என்ன சாப்பிடறது?" என்றாள். புத்தர் கோயில் உள்ள ஊர்களில் சைவக் கடைகள் இருக்கின்றன, "சாய்" என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் காவ் பாங் மாதிரி மலை ஊரில் ஒவ்வொரு வேளைக்கும் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவல், பருப்புப் பொடி, தொக்கு எடுத்துப்போவதாக முடிவாகியிருக்கிறது.

பாஷைக்குப் பயப்படுகிறவர்கள் இலங்கையில் ஆரம்பிக்கலாம். தலவாக்கலை பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே டெவன், செயின்ட் கிளேர் அருவிகள் ரோட்டிலிருந்தே தெரியும், வழி கேட்டால் தமிழிலேயே சொல்வார்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு செயின்ட் கிளேரில் தண்ணீர் குறைந்துபோனது. அந்த நாட்டின் உயரமான அருவி பம்பரகந்த, 263 மீட்டர். அங்கே இரண்டு பருவமழை: மலையின் மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டம்பர் வரை, பதுளைப் பக்கத்துக்கு அக்டோபருக்கு மேல். பதுளையில் துன்ஹிந்த அருவியைப் பார்க்கப் போகிறவர்கள் ஜூலையில் போய் நிற்க வேண்டாம்.

உங்கள் காலண்டர்

ஆற்றுக்கு மாதம் தெரிந்தாயிற்று. அதோடு உங்கள் பிழைப்பின் மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். எனக்குச் சித்திரை, வைகாசி கோடை விடுமுறைக் கூட்டம். புரட்டாசி சனிக்கிழமைகள் திருப்பதி. கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்பன் சாமிகள். முகூர்த்த மாதங்களில் கல்யாண வண்டி. கல்யாணம் இல்லாத ஆடியில்தான் வண்டி ஷெட்டில் நிற்கும், ஆடிப்பெருக்கு நாள் மட்டும் விதிவிலக்கு. ஆடி என்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. விக்டோரியாவின் நல்ல காலமும் அதுவே. இதனால்தான் அது என் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது, அழகு மட்டும் காரணம் இல்லை.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை நகர முடியாது. அவர்களுக்கு பான் ஜியோக் கச்சிதமாகப் பொருந்தும். பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு மே மாதம், அதாவது நயாகரா.

காகித வேலை

பணம் சேர்வதற்கு முன்னாலேயே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், பத்து வருடம் செல்லும். விண்ணப்பத்தில் இனிஷியலோடு நிறுத்தாமல் அப்பா பெயரை முழுதாக எழுதி, குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடாமல் பாருங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை விசிட் விசாவுக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஏற்பதில்லை. ஆதார், பான் கார்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது நம்மைப் போல் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு. பெரிய நாடுகள் விசாவுக்கு ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வருமான வரிக் கணக்கும் பார்க்கும். கையில் வாங்கிக் கையிலேயே செலவழிக்கிற வாடகை விசா அதிகாரி கண்ணுக்குத் தெரியாது. ஏலச்சீட்டை எடுத்துப் போய்வரலாம் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். விண்ணப்பிக்கிற மாதத்தில் திடீரென்று லட்சக்கணக்கில் அக்கவுன்ட்டில் விழுந்தால், இது யார் பணம் என்றுதான் கேட்பார்கள். நான் வாடகையை முடிந்தவரை யு.பி.ஐ.யில் வாங்குகிறேன், தபால் நிலையத்தில் ஆர்.டி. போட்டிருக்கிறேன், வரவு குறைந்த வருடமும் ரிட்டர்ன் தாக்கல் செய்கிறேன். ஏஜென்ட்டிடம் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் எடுத்தால் டி.சி.எஸ். என்று வரிக்காக ஒரு தொகை முன்கூட்டியே பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

இகுவாசு போகிறவர்களுக்கு இன்னொன்று. பிரேசில், அர்ஜென்டினா இரண்டும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம்ம ஏர்போர்ட்டிலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், நாள் கேட்டுக்கொண்டு போங்கள். விசா கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன, அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் மட்டும் பாருங்கள்.

கிளம்பும் நாளைப் பற்றி என் தொழில் சார்ந்த ஒரு வார்த்தை. தருமபுரியிலிருந்து பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு மூன்று மணி நேரம் என்று மேப் காட்டும். அது ராத்திரிக் கணக்கு. அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பால் மூன்றையும் சாயங்காலத்தில் தாண்ட வேண்டும் என்றால் ஐந்து மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணி விமானத்துக்கு நான் சாயங்காலம் ஐந்துக்கே வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பேன், வழியில் சூளகிரியில் டீ குடிக்க நிறுத்துவேன்.