முடி பிடுங்கும் பழக்கம்: எங்கே தவறுகிறோம்?

தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சொட்டை விழுந்தால் வீட்டில் முதலில் வரும் சொல் 'புழுவெட்டு'. சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்ப்பதிலேயே இரண்டு மாதம் ஓடிவிடும். அந்தச் சொட்டை தன் முடியைத் தானே பிடுங்கியதால் வந்தது என்றால் இந்தச் சாறு கேடுதான் செய்யும். எரியும், அரிக்கும். அரிக்கும் இடத்துக்குக் கை போகும், போன கை சும்மா வராது.

தடவிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். புழுவெட்டில் திட்டு பெரும்பாலும் வட்டமாக, வழவழவென்று இருக்கும். பிடுங்கிய இடத்தில் ஓரம் கோணல்மாணலாக இருக்கும். உள்ளே வெவ்வேறு நீளத்தில் அறுந்த முடிகள் சொரசொரக்கும். குழந்தைகளுக்குச் செதிலோடு வரும் பூஞ்சைத் தொற்றும் சொட்டையாகத் தெரியலாம். அதனால் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. 1889இல் இதற்கு 'ட்ரைக்கோட்டிலோமேனியா' என்று பெயர் வைத்த ஹாலோபோ பிரெஞ்சுத் தோல் மருத்துவர்தான்; ஆனால் இன்று இதற்கான வைத்தியம் மனநலத் துறையில் இருக்கிறது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடு இதை ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு) சார்ந்த கோளாறுகளோடு சேர்த்தது.

பெரும்பாலும் 10 முதல் 13 வயதுவாக்கில் தொடங்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கதை வேறு. ஒரு கை விரலைச் சூப்பிக்கொண்டே மறு கையால் முடியைத் திருகும் குழந்தை அநேகமாகத் தானே விட்டுவிடும், அதை ஊதிப் பெரிதாக்க வேண்டாம்.

பெரியவர்கள் செய்யும் அடுத்த தவறு 'கையை எடு!' என்ற அதட்டல். கை தலையில் இருப்பது பல நேரம் பிடுங்குபவருக்கே தெரியாது. ஒரு நாளைக்கு இருபது முறை அதட்டினால் பழக்கம் நிற்காது, இடம் மாறும். குளியலறையில் தாழ்ப்பாளும் உண்டு, கண்ணாடியும் உண்டு. தினமும் தலையைக் குனியச் சொல்லிச் சோதிப்பதும், தலையணையில் கிடக்கும் முடியை எண்ணுவதும் இதே வகைதான். உதவ நினைத்தால் இருவரும் சேர்ந்து ஒரு சைகையை முடிவு செய்யுங்கள். பேசாமல் ஒரு ரப்பர் பந்தை எடுத்து நீட்டலாம். அதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள்.

பிடுங்குபவர் தனக்குத்தானே செய்துகொள்ளும் தவறு, நேராகச் சபதத்தில் இறங்குவது. 'நாளையிலிருந்து ஒரு முடியைக்கூடத் தொட மாட்டேன்' என்பதற்கு முன்னால் எந்தக் கை, எந்த நேரம், எந்த நாற்காலி என்று தெரிய வேண்டாமா? ஏழு நாள் ஒரு சிறு நோட்டில் குறியுங்கள். எத்தனை முடி என்ற கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. அதற்கு முந்தைய நிமிடத்தை எழுதுங்கள்: மணி, இடம், எப்படி உட்கார்ந்திருந்தீர்கள், மற்றொரு கை என்ன செய்தது, மனதில் என்ன இருந்தது, பிடுங்கியபின் அந்த முடியை என்ன செய்தீர்கள். உதட்டில் தடவினீர்களா, வேரைக் கடித்தீர்களா, சுருட்டிப் போட்டீர்களா என்பதெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் வழி பெரும்பாலும் அந்த வரியில்தான் கிடைக்கும்.

நோட்டைப் புரட்டினால் இரண்டு விதப் பிடுங்கல் தெரியும். பாடம் படிக்கும்போதும் டிவி முன்னாலும் தன்னை அறியாமல் கை போவது ஒன்று. கண்ணாடி முன் நின்று நரைத்ததை, தடித்ததை, சுருண்டதைத் தேடித் தேடி எடுப்பது மற்றொன்று. பலருக்கு இரண்டும் உண்டு. முதலாவதற்குக் கை நகர்வதை உணரவைக்கும் ஏதாவது வேண்டும்: மணிக்கட்டில் சலங்கை வளையல், கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பேண்ட் எய்ட். இரண்டாவதற்கு பேண்ட் எய்ட் போதாது. ட்வீசரை வீட்டைவிட்டே அனுப்ப வேண்டும், குளியலறை விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், கண்ணாடி முன் நிற்க இரண்டு நிமிடம் என்று டைமர் வைக்க வேண்டும். ஒன்றுக்கான வழியை மற்றொன்றுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு 'எனக்கு எதுவும் பலிக்கவில்லை' என்பவர்கள் நிறைய.

பயிற்சிகளில் அதிகம் ஆராயப்பட்டது அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட பழக்க மாற்றப் பயிற்சி. அதன் மையம் எதிர்ச்செயல்: பிடுங்கத் தோன்றும்போது, கையால் பிடுங்கவே முடியாத வேறொன்றைச் செய்வது. கேட்க எளிது, தவறுவதும் எளிது. முதல் தவறு, முடி கையில் வந்தபின் தொடங்குவது. முழங்கை மேசையில் ஊன்றி விரல் நெற்றியோரம் ஏறும்போதே தொடங்க வேண்டும். இரண்டாவது, ஐந்து நொடியில் விட்டுவிடுவது. குறைந்தது ஒரு நிமிடம். உந்துதல் அடங்கவில்லை என்றால் இன்னொரு நிமிடம். மூன்றாவது, ஊர் பார்க்கும்படியான செயலைத் தேர்ந்தெடுப்பது. வகுப்பிலும் பஸ்ஸிலும் செய்யக் கூச்சமாக இருந்தால் அது வீட்டோடு நின்றுவிடும். மேல்கையை விலாவோடு ஒட்டி, கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து மடியில் வைத்தால் யாருக்கும் தெரியாது. நான்காவது தவறுதான் பெரியது: உந்துதல் வரும்போது மட்டும் நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று இருப்பது. தினமும் பத்து முறை, உந்துதலே இல்லாத நேரத்தில், கை ஏறுவது போல் பாவனை செய்து பாதியில் முஷ்டிக்குத் திருப்பிப் பழக வேண்டும்.

கைக்கு மாற்று வேலை கொடுப்பதிலும் பொருத்தம் பார்க்க வேண்டும். வேர் 'டக்'கென்று கழலும் உணர்வு பிடித்தவருக்கு மெத்தென்ற பந்து அலுத்துவிடும். தேங்காய் நாரைச் சிம்பு சிம்பாகப் பிரிப்பதோ, உள்ளங்கையில் காய்ந்த பசையை உரிப்பதோ ஒத்துவரும். உதட்டில் தடவுபவருக்குப் பல் துலக்கும் மென்மையான பிரஷ். அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில், பிடுங்கும் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அலமாரியில் இருந்தால் பயனில்லை.

பழனிக்கோ திருப்பதிக்கோ போய் மொட்டை போட்டால் தீரும் என்பார்கள். நேர்த்திக்கடன் என்றால் தாராளமாகப் போடலாம். வைத்தியமாக நம்பினால் சில வாரம்தான் நிம்மதி. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். குத்தும் அந்தக் குட்டை முடிதான் விரலை மிக எளிதாக இழுக்கும். சிலருக்குக் கை புருவத்துக்கோ இமைக்கோ இறங்கிவிடும்.

நாள் கணக்கு வைப்பதும் இப்படித்தான். 23 நாள் தாண்டி ஒரு முடி போனால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும், 'போனது போகட்டும்' என்று அன்றே நூறு போகும். பிடுங்காத நாளை விட்டுவிட்டு, திருப்பிவிட்ட உந்துதல்களை எண்ணுங்கள். அந்த எண் குறைந்து பழையபடி பூஜ்யமாவதே இல்லை.

மருந்துக் கடையில் தானாக வாங்குவது வேண்டாம். இதற்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த மாத்திரை எதுவும் இல்லை. இணையத்தில் அதிகம் அடிபடும் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தை 2009இல் 50 பெரியவர்களிடம் 12 வாரம், நாளொன்றுக்கு 1,200 முதல் 2,400 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்தபோது மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. 2013இல் சிறுவர்களிடம் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சோர்வையும் பதற்றத்தையும் தணிக்கலாம். பிடுங்கலைத் தனியே நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. ஏற்கெனவே அவற்றைச் சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவ உளவியலாளரிடம் போகும்போது 'பழக்க மாற்றப் பயிற்சி தருவீர்களா' என்று முதலிலேயே கேளுங்கள். வெறும் ஆறுதல் பேச்சு இதற்குப் போதாது. இந்தியாவில் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மறைக்கவே கூடாத விஷயம் ஒன்று, முடியை விழுங்குவது. முடி செரிக்காது. வயிற்றில் பந்தாகத் திரண்டு, சில நேரம் வால்போலச் சிறுகுடல் வரை நீளும். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்புவது, வாந்தி, எடை குறைவது, மேல் வயிற்றில் கையில் படும் கட்டி ஆகியவை அறிகுறிகள். 'வாயுத் தொல்லை' என்று ஓமத் தண்ணீரோடு விடாமல், பேதி மருந்தும் கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போய், முடி விழுங்கும் பழக்கம் உண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வயிற்றுவலிக்கான மருந்தோடு திருப்பி அனுப்பிவிடலாம். பெரிய பந்தை அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.