ஹெச்ஓ தண்டவாளம் பதிப்பது எப்படி? வளைவுக்கும் மூட்டுக்கும்தான் நேரம் கொடுக்கணும்

மாடல் ரயில் தடம் புரண்டதும் எல்லோரும் முதலில் இன்ஜினைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு தண்டவாளம் சேரும் இடத்தில் இருக்கும். ஹெச்ஓ அளவில் (1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.) 3 அடி நீள ஃப்ளெக்ஸ் டிராக்கை (கையால் வளைக்கக்கூடிய தண்டவாளத் துண்டு) வைத்துச் சொல்கிறேன், மற்ற அளவுகளுக்கும் முறை கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் பிளைவுட் மேல் பாதையின் நடுக்கோட்டை பென்சிலால் வரையுங்கள். வளைவுக்கு ஒரு ஆணி, ஒரு பட்டைக் குச்சி போதும், குச்சியை ஆணியில் கோத்துச் சுற்றினால் வட்டம் வந்துவிடும். ஆரம் 18 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம், நீளமான பயணிகள் பெட்டி ஓட்டுவதாக இருந்தால் அதுவும் போதாது.

அடுத்து, தண்டவாளத்துக்கு அடியில் போடும் கார்க். கடையில் வரும் கார்க் பட்டை நடுவில் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியையும் கோட்டை ஒட்டி, சரிவான ஓரம் வெளியே பார்க்க, ஃபெவிகால் போட்டு ஒட்டுங்கள். காய்ந்ததும் மேலே லேசாக உப்புத்தாள் தேய்த்து மேடு பள்ளத்தை எடுத்துவிடுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டால் பிறகு ஒவ்வொரு மேட்டையும் ரயில் ஆடிக் காட்டும்.

இனி வளைவு. சில கம்பெனி டிராக்கில் ஒரு தண்டவாளம் மட்டும் நகரும், அது வளைவின் உள்பக்கம் வரட்டும். வளைத்ததும் உள்பக்கத் தண்டவாளம் நீண்டு துருத்தும், அதை வெட்டி அரத்தால் பிசிறு நீக்குங்கள். இரண்டு துண்டு வளைவுக்குள் சேர வேண்டியிருந்தால் வளைத்த பிறகு இணைக்கப் போகாதீர்கள், முனை நிமிர்ந்து அங்கே ஒரு முட்டி விழும். நேராக வைத்து, ஜாய்னர் (இரண்டு தண்டவாள முனைகளைச் சேர்க்கும் சின்ன உலோகத் துண்டு) மாட்டி, சால்டர் செய்து (ஈயப் பற்று வைத்து), அப்புறம் ஒரே துண்டாக வளையுங்கள். ஜாய்னர் உட்கார இடம் வேண்டுமே, அதற்காக முனையில் இருக்கும் ஓரிரு ஸ்லீப்பர்களை (தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளை) கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மேல்பக்கம் செதுக்கி அடியில் செருகிவிடலாம்.

நேர்ப்பாதை மூட்டுகளை எல்லாம் சால்டர் செய்யாதீர்கள். 1 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் மூன்றில் ஒரு பங்கு மி.மீ. நீளும், மேசை நீளம் முழுக்கச் சேர்ந்தால் பாதை நெளிய அது போதும். ஆங்காங்கே அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். ஏ.சி. அறையில் பதித்துவிட்டு வெயிலில் ஏ.சி. இல்லாமல் ஓட்டுவதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே விடலாம். அப்படி விட்ட மூட்டு நாளடைவில் கரண்ட்டை ஒழுங்காகக் கடத்தாது, அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ஒரு ஜோடி ஒயர் அடியிலிருந்து கொடுத்துவிடுங்கள்.

ஒட்டுவதற்கு ஆணியைவிட ஒளி ஊடுருவும் அக்ரிலிக் சீலன்ட்தான் என் தேர்வு. ஆணியைக் கொஞ்சம் ஓங்கி அடித்தால் ஸ்லீப்பர் நடுவில் குழிந்து தண்டவாள இடைவெளி குறைந்துவிடும். சிலிகான் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் நிற்காது. பழைய ஏ.டி.எம். கார்டால் கார்க் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தடவி, டிராக்கை அழுத்தி, குண்டூசி குத்தி, மேலே கனமாக எதையாவது வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். மாற்ற நினைத்தால் பட்டிக் கரண்டியை அடியில் செருகினால் பெயர்ந்து வந்துவிடும். பாயிண்ட்டின் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) அசையும் பகுதிக்கு அடியில் மட்டும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

காய்ந்ததும் கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய் நீளவாக்கில் பாருங்கள், மேலிருந்து தெரியாத கோணல் எல்லாம் தெரியும். ஒவ்வொரு மூட்டிலும் விரலை ஓட்டி, நகம் தடுக்கும் இடத்தை அரத்தால் சரிசெய்யுங்கள். பிறகு முழு வண்டியையும் பின்னோக்கித் தள்ளி ஓட்டுங்கள், முன்னோக்கிப் போகையில் தப்பிய மூட்டு இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஜல்லி கொட்டும் ஆசையை மட்டும் சில வாரம் அடக்கி வையுங்கள், தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் அது இறுகிய பிறகு ஒரு மூட்டைத் திருத்துவது பெரிய ரோதனை.