மாற்றுத்திறன் வீரர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பாராட்டு விழா நடத்துவது எப்படி?

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மேடை தேவைதானா என்பதை முடிவு செய்யுங்கள். சக்கர நாற்காலியில் வரும் வீரரை நான்கு பேர் தூக்கி மேடையேற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மேடை கட்டாயம் என்றால், ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளமுள்ள சாய்தளம் அமைக்க வேண்டும். இயலாவிட்டால் தரைமட்டத்திலேயே நடத்துங்கள்.

அறிமுக உரைக்குத்தான் அதிக உழைப்பைச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘குறையை வென்றவர்’ என்ற பொதுப் புகழ்ச்சியை விட்டு, வீரர் போட்டியிடும் பிரிவையும், எட்டிய அளவையும், சென்ற ஆண்டிலிருந்து அடைந்த முன்னேற்றத்தையும் சொல்லுங்கள். சேலம் மாவட்டத்தின் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், பின்னர் டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் வென்றார் என்று கேட்கும்போது, அவரை விளையாட்டு வீரராகவே அவை அறிகிறது.

தன்னார்வலர்களைக் கடைசியில் கூட்டமாக அழைத்துச் சால்வை போர்த்தும் வழக்கம் வருத்தத்துக்குரியது. பாராலிம்பிக்கில், பார்வையற்ற ஓட்டக்காரருடன் கயிறு பிணைத்து ஓடும் வழிகாட்டிக்கும், இலக்குப் பந்துக்கு அருகில் பந்துகளைச் சேர்க்கும் போச்சியா ஆட்டத்தில் களத்துக்கு முதுகு காட்டியபடி, வீரர் சொல்லும் திசையில் பந்தை உருட்டிவிடும் சரிவுப் பலகையை நகர்த்தும் உதவியாளருக்கும் வெற்றியாளருடன் பதக்கம் அணிவிக்கிறார்கள். அதே முறையில், தன்னார்வலரை அவர் துணைநின்ற வீரருடன் சேர்த்து, செய்த பணியைக் குறிப்பிட்டு அழையுங்கள்.

சைகைமொழி பெயர்ப்பாளரைப் பேச்சாளரின் அருகில், வெளிச்சத்தில் நிறுத்துங்கள். படங்களை வெளியிட முன்கூட்டியே இசைவு பெறுங்கள். வீடு திரும்பும் வாகன ஏற்பாட்டையும் அழைப்பிதழிலேயே தெரிவியுங்கள்.