மீசை வைத்த மீன் பாண்டியர் மீன் இல்லை: டாட்டூ டிசைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்காரப் பசங்களுக்கு மீன் டாட்டூ மேல் ஒரு ஆசை உண்டு. பாண்டியர் சின்னம், மீனாட்சி பேரிலேயே மீன் இருக்கிறது, சரி, காரணம் நல்ல காரணம்தான். ஆனால் போனில் 'ஃபிஷ் டாட்டூ' என்று தேடி, முதலில் வந்த படத்தை நீட்டி "இதையே குத்துங்கண்ணே" என்றால் கையில் வந்து உட்காருவது ஜப்பானியக் கோய் மீன். வாயோரம் மீசை, பெரிய பெரிய செதில், சுற்றிலும் சுருண்ட அலை. அதற்குக் கதையே வேறு: ஆற்றை எதிர்த்து நீந்தி அருவியைத் தாண்டும் கெண்டை டிராகனாக மாறும் என்ற சீனக் கதை ஜப்பானுக்குப் போய் டாட்டூ ஆனது. நல்ல கதை, பிடித்திருந்தால் குத்திக்கொள்ளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு 'பாண்டிய வம்சம்' என்று ஸ்டேட்டஸ் வைப்பதுதான் இடிக்கிறது. பாண்டியர் முத்திரைகளில் இருப்பது எளிமையான இணைக்கயல், சிலவற்றில் நடுவே ஒரு செண்டு (பூச்செண்டு இல்லை, முனை வளைந்த கோல்).

இந்தத் தவறுக்கு வேர் ஒன்றுதான். சின்னத்துக்கு என்ன பொருள் என்று இணையத்தில் இருக்கும் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வது. சிங்கம் என்றால் வீரம், பறவை என்றால் சுதந்திரம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில் ஒரு சின்னத்தை யார், எங்கே, எதற்காகக் குத்திக்கொண்டார்கள் என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. தகைவிலான் என்கிற, வால் பிரிந்த அந்தச் சின்னப் பறவை (ஸ்வாலோ) மேலைநாட்டு மாலுமிகளிடம் 5,000 கடல் மைல் போய் வந்ததற்கு அடையாளம். கண்ணுக்குக் கீழே ஒரு கண்ணீர்த் துளி, முழங்கையில் சிலந்தி வலை, இரண்டும் அமெரிக்கச் சிறைகளிலிருந்து வந்தவை. கொலை, சிறைக்காலம் என்று அங்கே ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். அரைப்புள்ளி டாட்டூ 2013இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு மனநல இயக்கத்தின் அடையாளம், தற்கொலை எண்ணத்திலிருந்து மீண்டவர்களும் அப்படி ஒருவரை இழந்தவர்களும் குத்திக்கொள்வது. அழகாக இருக்கிறதே என்று போட்டுவிட்டு, யாராவது உருக்கமாக வந்து விசாரித்தால் பேந்தப் பேந்த முழிக்க வேண்டிவரும். 'டிரைபல்' என்ற பெயரில் சுற்றும் டிசைன்கள் இன்னும் சிக்கல். நியூசிலாந்தின் மாவோரிப் பழங்குடிகள் குத்திக்கொள்ளும் மோகோ ஒருவருடைய குலத்தையும் வம்சாவளியையும் சொல்வது, அதை நகலெடுப்பது அடுத்த வீட்டுக் குடும்ப அட்டையில் நம் போட்டோவை ஒட்டுவது போலத்தான். வெளியாட்களுக்கென்றே கிரிட்டுகி என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள், அந்தப் பாணிதான் வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள்.

அடுத்தது சாமி படம். கருப்பசாமி, முருகன், வேல் எல்லாம் நம் பக்கம் சகஜம். எந்த இடத்தில் என்பதை யோசிப்பதில்லை. இடுப்புக்குக் கீழே சாமி வேண்டாம், உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை என்றாலும் பார்க்கிறவர்களுக்கு இருக்கும். 2015இல் பெங்களூரில் காலில் எல்லம்மா டாட்டூ வைத்திருந்த ஆஸ்திரேலியர் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு பெரிய தகராறே ஆனது. புத்தர் என்றால் கை கூடத் தப்பாது. 2014இல் கையில் புத்தர் டாட்டூ இருந்ததற்காக ஒரு பிரிட்டன் பெண்ணை இலங்கை திருப்பி அனுப்பியது, பிறகு 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் போகிற காலம் இது, ஞாபகத்தில் வையுங்கள். ஸ்வஸ்திக் நமக்கு மங்கலச் சின்னம். ஜெர்மனியில் அதே வடிவம் ஹிட்லரின் நாஜிக் கட்சிச் சின்னமாக இருந்தது, நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது அங்கே குற்றம், அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிறவர் முன்கையில் அதைக் குத்திக்கொண்டு ரயிலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் விடியற்காலையில் ரோட்டோரம் ஓடிப் பழகும் தம்பிகளுக்கு இது முக்கியம். ராணுவத்தில் முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் நிரந்தர டாட்டூ இருந்தால் பொதுவாக எடுப்பதில்லை. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்தியப் படைகளில் இன்னும் கறார்: சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை, அதுவும் அந்த உறுப்பில் கால் பங்குக்குள், படம் மதச் சின்னமாகவோ பெயராகவோ இருக்க வேண்டும். கழுத்தில் காளைத் தலையைக் குத்திவிட்டு அப்புறம் அறிவிப்பைப் படித்துப் பயனில்லை. சாதிச் சின்னமும் அருவாளும் வேறு ரகம். ஊருக்குள் கெத்தாக இருக்கும், வெளியூர் இன்டர்வியூவிலும் செக்போஸ்ட்டிலும் உங்களை முந்திக்கொண்டு அதுதான் பேசும். எனக்கு இவை இரண்டும் அறவே பிடிக்காது.

பேர் குத்துவதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. கட்சிச் சின்னத்தைக் கையில் குத்திய பெரியவர்களைப் பாருங்கள், கட்சி உடைந்து சேர்ந்து மறுபடி உடைந்தாகிவிட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. பேர்தான் என்று முடிவு செய்தால் எழுத்தையாவது கவனியுங்கள். சில டிசைன் மென்பொருள்களில் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும், புள்ளி இடம் மாறி விழும். ஆர்டிஸ்ட் வெளிமாநிலத்துக்காரர் என்றால் அவருக்கு அது தெரியவே தெரியாது. ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் தோலில் பதிக்கும் மாதிரி) ஒட்டியதும் நீங்கள் மட்டும் படிக்காமல் கூட வந்தவரையும் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்தால் இடம் வலம் மாறித்தான் தெரியும், போனில் போட்டோ எடுத்துப் பாருங்கள்.

சின்ன எழுத்தில் நான்கு வரி திருக்குறள் கேட்பவர்களும் உண்டு (குறளே இரண்டு வரிதான், அது தனிக்கதை). மை வருடங்கள் போகப் போகத் தோலுக்குள் பரவும், நெருக்கமான எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் மாநிறத்தில் மஞ்சளும் வெள்ளையும் சீக்கிரம் மங்கிவிடும், கறுப்புதான் நிற்கும். அப்பத்தா கையில் குறத்தி குத்திய கோலமும் தேளும் இத்தனை வருடம் கழித்தும் அடையாளம் தெரிவது ஏன் என்று பாருங்கள்: கனமான கோடு, இடைவெளி விட்ட புள்ளி, ஒரே நிறம். டிசைன் தேடுகிறவர்கள் ரீல்ஸுக்கு முன்னால் அந்தக் கையை ஒரு போட்டோ எடுத்துவிடலாம், அதன் அர்த்தத்தை யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

திருவிழாக் கடையில் ஒரே ஊசியை ஆள் மாற்றி ஆள் குத்துகிற இடத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உட்காராதீர்கள், மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி எல்லாம் அந்த வழியில் வரக்கூடியவை. புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். குத்தியபின் ஒரு வருடம் ரத்த தானம் செய்ய முடியாது. புண் ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், அதுவரை வெயில், புழுதி, ஆற்றுத் தண்ணீர் ஆகாது. அதனால் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின வாரம் குத்தாதீர்கள், சித்திரைத் திருவிழா முடியட்டும்.