காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் தனுஷ்கோடி

தேவகோட்டை, தேவிபட்டினம், ராமநாதபுரம், பாம்பன் வழியாக ராமேஸ்வரத்துக்கே மூன்று மணி நேரம் ஆகிவிடும். அங்கிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை மேலும் 20 கிலோமீட்டர். விடியலுக்கு முன் கிளம்பினால்தான் சரிப்படும். பத்து மணிக்கு மேல் அங்கே ஒதுங்க நிழல் இருக்காது.

1914 முதல் இலங்கைக்கு ரயிலும் கப்பலும் இணைந்த போட் மெயில் தனுஷ்கோடி வழியாகத்தான் போனது. வட்டிக்கடை, வியாபாரம் என்று கொழும்புக்குப் போன நகரத்தார் பலரும் இந்தப் பாதையில் போனவர்கள்தான். 1964 டிசம்பர் 22 இரவு புயல் ஊரையே அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. மிச்சம் இருப்பதில் தேவாலயச் சுவர்களை நிதானமாகப் பாருங்கள்: பவளக்கல் அடுக்குகள் அரித்துப்போய் பல்வரிசை போலத் தெரியும். சாய்ந்துகொள்ள வேண்டாம், உதிர்கிறது.

முனையில் குளிக்கவே கூடாது, இழுப்பு பொல்லாதது. காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்காதீர்கள். மணலில் சக்கரம் புதைந்தால் தள்ளத்தான் ஆள் தேட வேண்டும். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். மாலையில் சோதனைச் சாவடியை மூடிவிடுவார்கள். சூரிய அஸ்தமனத்தை நம்பிப் போக வேண்டாம். வீடு திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு துருவைக் கொண்டுவரும்.