மேல்பிரிவுக்கு ஏறும் கல்லூரிக் கால்பந்து: கணக்குப் போடும்போது செய்யும் தவறுகள்

2014 ஆகஸ்ட் 30 அன்று ஃபுளோரிடா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் நகரில் இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. ஐடஹோ பல்கலைக்கழக அணி நாட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பறந்து வந்திருந்தது. மணிக்கணக்கில் காத்திருந்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் உதை, பந்தைப் பிடித்த ஃபுளோரிடா வீரரின் ஓர் ஓட்டம். அதோடு சரி. மைதானம் சேறாகக் கிடக்க, ஆட்டம் கைவிடப்பட்டது. பேசியபடி 9,75,000 டாலரை வாங்கிக்கொண்டு ஐடஹோ ஊர் திரும்பியது.

ஒரே உதைக்குப் பத்து லட்சம் டாலரா என்று சிரித்தார்கள். ஆனால் இப்படிப் பெரிய அணிகளின் மைதானத்துக்குப் போய் அடிவாங்கிச் சம்பாதிக்கும் காசை நம்பித்தான் ஐடஹோ போன்ற அணிகளின் ஆண்டுக் கணக்கே நின்றது. நான்கே ஆண்டுகளில் அதே ஐடஹோ மேல்பிரிவை விட்டுத் தானாகக் கீழே இறங்கியது. அதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் தானே விரும்பி அப்படி இறங்கியதில்லை.

இங்கே சொல்வது அமெரிக்கக் கால்பந்து. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் டிவிஷன், கால்பந்துக்கு மட்டும் 1978இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேல்தட்டுக்கு இன்று எஃப்.பி.எஸ். என்று பெயர், அதற்கு அடுத்த தட்டுக்கு எஃப்.சி.எஸ். கீழே கோப்பைகளை அள்ளும் பல்கலைக்கழகங்களுக்கு மேலே ஏறும் ஆசை வருவது இயல்பு. 1987இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன்தான் முதலில் ஏறியது. அதன்பின் பலர். ஏறியவர்களில் பலரும் மைதானத்தில் தடுமாறுவதற்கு முன்பே கணக்கு நோட்டில் தடுமாறினார்கள். ஏறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏறுவதற்கு முன் போடும் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் சில பிழைகள் உண்டு. அவற்றைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலாவது, நுழைவுக் கட்டணத்தையே செலவு என்று எண்ணிக்கொள்வது. 2023 அக்டோபர் வரை மேல்பிரிவுக்கு விண்ணப்பிக்க 5,000 டாலர் கட்டினால் போதும். அந்த மாதம் அதை ஒரே அடியாக 50 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். செய்திகளில் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அது ஒருமுறை கட்டி முடிகிற தொகை. வாசலில் சீட்டு வாங்கும் காசு, அவ்வளவே. கூடவே வந்த மற்ற விதிகள்தான் ஆண்டுதோறும் கடிப்பவை: எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சேர்த்துக் குறைந்தது 210 உதவித்தொகைகள், அவற்றுக்குக் குறைந்தது 60 லட்சம் டாலர் செலவு.

உதவித்தொகைக் கணக்கிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. பல பத்தாண்டுகளாகக் கீழ்ப்பிரிவுக் கால்பந்தில் உச்சவரம்பு 63. அதையும் துண்டு துண்டாக 85 பேர்வரை பங்கு போடலாம். மேல்பிரிவில் 85 பேருக்கும் முழுசாகக் கொடுக்க இடம் உண்டு. வித்தியாசம் 22தானே என்று நினைப்பார்கள். 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டப்படி பெண்களுக்கும் ஈடான வாய்ப்பும் உதவித்தொகையும் தர வேண்டும். ஆண்கள் கால்பந்தில் 22 கூடினால் பெண்கள் பக்கமும் கூட்ட வேண்டும், இல்லையென்றால் ஆண்களின் வேறு விளையாட்டை வெட்ட வேண்டும். மேல்பிரிவிலேயே நெடுங்காலம் இருக்கும் ஈஸ்டர்ன் மிஷிகன் 2018இல் செலவைக் குறைக்க நான்கு விளையாட்டுகளை நிறுத்தியது. அவற்றில் இரண்டு பெண்களுடையவை. வீராங்கனைகள் வழக்குப் போட்டார்கள். அவற்றைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது நீதிமன்றம்.

இந்த எண்களும் இப்போது பழசாகிவிட்டன. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேரும் பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை உச்சவரம்பே இல்லை. 105 பேர் கொண்ட அணி, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வருமானத்தில் பங்கு என்று வீரர்களுக்கு நேரடியாகவே காசு தரலாம். முதலாண்டு வரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். சின்னப் பல்கலைக்கழகங்கள் அந்த வரம்பைத் தொடப்போவதில்லை. ஆனால் கொடுப்பவன் எதிரே நிற்கும்போது கொடுக்காதவனிடம் நல்ல ஆட்டக்காரன் எத்தனை நாள் இருப்பான்?

இரண்டாவது தவறு எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. இங்கிலாந்துக் கால்பந்தில் ஜெயித்தால் மேலே போகலாம். இங்கே அப்படி இல்லை. கீழே எத்தனை கோப்பை வென்றாலும், மேல்பிரிவில் இருக்கும் ஒரு கான்ஃபரன்ஸ் கூப்பிட வேண்டும். லீக் மாதிரியான கூட்டணி அது. அங்கே இடம் கொடுப்பது அவர்கள் இஷ்டம். 2025இல் சாக்ரமென்டோ ஸ்டேட், அழைப்பு இல்லாமலே தனியாக ஏறிக்கொள்கிறோம் என்று விலக்குக் கேட்டது, என்.சி.ஏ.ஏ. மறுத்துவிட்டது. அழைப்புக் கிடைத்தவர்களோ அந்த இடம் தங்களுக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தது போல நடந்துகொள்கிறார்கள்.

ஐடஹோவின் கதையைப் பாருங்கள். 1996இல் ஏறி பிக் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. அங்கே கால்பந்து நின்றுபோனதும் சன் பெல்ட்டுக்குப் போனது. பிறகு டபிள்யூ.ஏ.சி. என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ். 2012 பருவத்தோடு அதுவும் கால்பந்தைக் கைவிட்டது. ஓராண்டு தனியாக அலைந்தபின் மறுபடி சன் பெல்ட், கால்பந்துக்கு மட்டும். 2016 மார்ச்சில் சன் பெல்ட் 'உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை' என்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டே ஐடஹோ ஒன்பது ஆட்டங்களில் வென்று, பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டமான பௌல் ஒன்றின் கோப்பையையும் தூக்கியது. ஜெயித்தும் இடமில்லை. விமானச் செலவும் தொலைக்காட்சிச் சந்தையும் பார்த்து எடுக்கிற முடிவுக்கு முன் வெற்றிக்கு எடை குறைவு.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூமாஸ், இன்னொரு பாடம். 1998இல் கீழ்ப்பிரிவின் சாம்பியன். 2012இல் மேலே ஏறி மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் கால்பந்துக்கு மட்டும் சேர்ந்தது. வளாகத்து மைதானம் போதவில்லை என்று, முதலிரண்டு ஆண்டுகள் 'சொந்த ஊர்' ஆட்டங்களை ஏறக்குறைய 90 மைல் தள்ளியிருந்த ஜில்லெட் ஸ்டேடியத்தில் ஆடியது. அப்போது 68,000 பேருக்கு மேல் உட்கார இடமிருந்த அந்த ராட்சத அரங்கில் கல்லூரிக் கூட்டம் சிதறிக் கிடந்தது. படிக்கும் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போக வேண்டும். எல்லா விளையாட்டுக்கும் சேர்ந்துகொள், இல்லாவிட்டால் வெளியேறு என்று கான்ஃபரன்ஸ் சொன்னதும் 2015க்குப் பின் வெளியேறி ஒன்பது பருவம் தனியே ஆடியது. 2012 முதல் 2024 வரை மொத்தம் 26 வெற்றி. 2025இல் முழு உறுப்பினராக அதே கான்ஃபரன்ஸுக்குத் திரும்பியது. ஆடிய 12இலும் தோல்வி.

மூன்றாவது, பெரிய வீட்டு விருந்தைப் பார்த்து நம் இலையிலும் விழும் என்று நினைப்பது. 2022இல் பிக் டென் கான்ஃபரன்ஸ் போட்ட ஏழாண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தம் 700 கோடி டாலரைத் தாண்டியது. நிர்வாகக் குழுவில் இந்த எண்ணைக் காட்டிவிட்டால் மறுப்பவர் வாய் அடைத்துவிடும். ஆனால் புதிதாக ஏறுபவர் போய்ச் சேரும் இடம் பிக் டென் கிடையாது, கான்ஃபரன்ஸ் யூ.எஸ்.ஏ., சன் பெல்ட் போன்றவைதான். 2026 முதல், சாம்பியனைத் தீர்மானிக்கும் தேசியப் பிளேஆஃப் சுற்றின் வருமானத்தில் பிக் டென்னுக்கும் இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸான எஸ்.ஈ.சி.க்கும் தலா 29 விழுக்காடு. சின்னக் கான்ஃபரன்ஸ்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 10 விழுக்காட்டுக்கும் கீழே. மேல்பிரிவு என்று பெயர் ஒன்றுதான். உள்ளே இரண்டு பந்தி.

கிடைக்கிற சின்னத் தொலைக்காட்சிக் காசுக்கும் ஒரு விலை உண்டு. கான்ஃபரன்ஸ் யூ.எஸ்.ஏ. அணிகள் அக்டோபரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகின்றன, சேனலுக்கு அந்த நேரம்தான் காலியாக இருப்பதால். மறுநாள் வேலைக்குப் போகிறவர் இரண்டு மணி நேரம் காரோட்டி ஆட்டம் பார்க்க வருவாரா? டிக்கெட் வருமானம் அங்கே கசிகிறது.

பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றால் காசு கொட்டும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஏறும் இரண்டு ஆண்டுகளும் வழக்கமாக அந்தத் தகுதியே கிடையாது. அப்புறமும் கனெக்டிகட்டின் அனுபவத்தை நினைவில் வைக்க வேண்டும். கீழிருந்து ஏறி வந்த அந்த அணி 2011 புத்தாண்டு நாளில் ஃபியஸ்டா பௌலில் ஆடியது. 17,500 டிக்கெட்டுகளைப் பொறுப்பேற்றிருந்தது; பெரும்பகுதி விற்கவில்லை. கைநட்டம் 15 லட்சம் டாலருக்கு மேல். ஓக்லஹோமாவிடம் 48-20 என்று தோற்ற கையோடு, அணி கனெக்டிகட்டுக்குத் திரும்ப, பயிற்சியாளர் ராண்டி எட்சல் மேரிலாந்தில் புது வேலைக்குப் பறந்துவிட்டார். நல்லா ஆடினாலும் இந்த ஆபத்து உண்டு. உங்கள் செலவில் பெயர் வாங்கும் பயிற்சியாளரை உங்களைவிடப் பெரிய கை தூக்கிக்கொண்டு போகும்.

'யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்' என்பார்கள். மேல்பிரிவு அணிக்கு ஸ்டேடியமே அந்த வீடு. ஃபுளோரிடா அட்லாண்டிக் 2011இல் ஏறத்தாழ 7 கோடி டாலரில் 30,000 இருக்கை அரங்கைக் கட்டியது. கடன் சுமையோடு இருந்தபோது, தனியார் சிறைகளை நடத்தும் ஜி.இ.ஓ. குழுமம் 60 லட்சம் டாலர் தந்து அரங்குக்குத் தன் பெயரை வைத்துக்கொள்ள 2013இல் ஒப்புக்கொண்டது. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள், நாடே கேலி செய்தது, சில வாரங்களில் அந்தக் குழுமம் பின்வாங்கியது. காசும் போச்சு, பெயரும் கெட்டது. முதலில் ஏறிய அக்ரனும் 2009இல் 6 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புது அரங்கு கட்டியது. 2010, 2011, 2012 மூன்று பருவங்களிலும் தலா ஒரே ஒரு வெற்றி. இருக்கைகள் காலியாக இருந்தாலும் கடன் தவணை காலியாக இருப்பதில்லை.

இந்தத் துண்டு விழும் தொகையை யார் நிரப்புகிறார்கள்? அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் கட்டண ரசீதில் 'அத்லெடிக்ஸ் ஃபீ' என்று ஒரு வரியைப் பார்த்து, 'நான் மைதானத்துப் பக்கமே போனதில்லையே' என்று புலம்பியிருப்பார்கள். அங்கிருந்துதான். வெஸ்டர்ன் கென்டக்கி மேலே ஏறியபோது ஒவ்வொரு செமஸ்டருக்கும் மாணவர் தலைக்கு 70 டாலர் கூட்டியது. 2009இல் முழு உறுப்பினராக ஆடிய முதல் பருவத்தில் 12 ஆட்டங்களிலும் தோற்றது. மாணவர் கட்டணத்தை வற்றாத கிணறாக எண்ணுவது மிகச் சுலபமாகச் செய்யும் தவறு, ஏனென்றால் கிணற்றுக்காரர் நான்கு ஆண்டில் படிப்பு முடித்துப் போய்விடுவார். கேள்வி கேட்க இருக்கமாட்டார். வர்ஜீனியா மாநிலம் 2015இல் சட்டம் போட்டே அணை கட்டியது. விளையாட்டுத் துறையின் வருமானத்தில் மாணவர் கட்டணம் போன்ற மானியம் கீழ்ப்பிரிவில் 70 விழுக்காடு, மேல்பிரிவின் சின்னப் பந்தியில் 55 விழுக்காடு என்று வரம்பு. அதாவது மேலே ஏறினால் கட்டணத்தில் சாயும் இடம் குறையும்.

அதே வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக்கழகம் மாநிலத்தின் ஒப்புதல் வாங்கித்தான் 2022இல் ஏறியது. ஏறுவதை ஆதரிப்பவர்கள் எப்போதும் காட்டும் உதாரணம் இதுதான், நியாயமாகவே. 2022இல் எட்டு வெற்றி, 2023இல் பதினொன்று, 2025இல் தேசியப் பிளேஆஃபே கிடைத்தது. ஆனால் கீழே இருந்தபோதே அது கிட்டத்தட்ட 25,000 இருக்கை அரங்கையும் மேல்பிரிவு அளவுச் செலவையும் வைத்திருந்தது. நாட்டிலேயே மிக அதிகமான விளையாட்டுக் கட்டணங்களில் ஒன்றை அதன் மாணவர்கள் அப்போதே கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் கட்டிவிட்டு முகவரி மாற்றியவர்கள் அவர்கள். முகவரி மாற்றினால் வீடு தானாக வரும் என்று நம்புகிறவர்களுக்கு அந்த உதாரணம் பொருந்தாது. அவர்களுக்கும் விலை இருந்தது: விலகுகிறோம் என்று சொன்னதும் பழைய கான்ஃபரன்ஸ் 2021-22இல் மற்ற விளையாட்டு அணிகளைக்கூடச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடவிடவில்லை. கால்பந்து ஏறியதற்கு சாஃப்ட்பால் பெண்கள் பலியானார்கள்.

கடைசியாக, இறங்கும் வழியை யோசிக்காமல் ஏறுவது. 2016 ஏப்ரலில் ஐடஹோ பல்கலைக்கழகத் தலைவர் சக் ஸ்டேபன் கீழிறங்கும் முடிவை அறிவித்தபோது பழைய மாணவர்கள் பலர் கோபத்தில் கொதித்தார்கள். நன்கொடை நிறுத்துவோம் என்றார்கள். அதற்கு முன் எவரும் நடந்திராத பாதை. அவமானம் என்றே பேசப்பட்டது. 16,000 பேர் அமரும் கூரை போட்ட கிபி டோமில், மேல்பிரிவிலேயே மிகச் சிறிய அரங்கு என்று கேலி வாங்கிக்கொண்டிருந்த அதே இடத்தில், 2018 முதல் கீழ்ப்பிரிவு ஆட்டங்கள் நடக்கின்றன. 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் பிளேஆஃப். பழைய பகையாளி மொன்டானாவோடு ஆண்டுதோறும் மோதல் திரும்ப வந்துவிட்டது. மொன்டானா அணியின் ஊரான மிசூலாவுக்கு அணி பஸ்ஸிலேயே போய்வரலாம்.